சொல்லாத பதினெட்டாயிரம்

ஆறாயிரத்து அறுநூறு வெள்ளி என்றுதான்
வீட்டில் சொன்னேன்.
அதற்கே மாசிலாமணி
சப்பாத்தைக் கழற்றாமல் வாசலில் நின்றார்,
இரவுக் காவல் முடித்து வந்த சீருடையோடு.

புகாரில் எழுதியது வேறு தொகை.
உட்லண்ட்ஸ் காவல் நிலையத்தில்
என் மகள் வயதுகூட ஆகாத ஒரு மலாய்ப் பெண்
ஒவ்வொரு எண்ணாகக் கேட்டுத் தட்டினாள்.
எப்படி நம்பினீர்கள் என்று
ஒருமுறைகூடக் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
தமிழில் பேசினான்.
வங்கியிலிருந்து என்றான்.
பதினோரு நாளும் அவனுடைய முதல் கேள்வி
"சாப்பிட்டீங்களாம்மா?"

பள்ளிக்கூடக் கேண்டீனில்
எழுநூறு பிள்ளைகளுக்குப் பரிமாறுகிறவளை
யார் அப்படிக் கேட்கப்போகிறார்கள்?
இப்போது யார் கேட்டாலும்
அடிவயிறு இறுகிக்கொள்கிறது.

அப்புறம் எல்லாமே தட்டுக் கணக்கு.
தட்டு ஒன்றரை வெள்ளி.
பதினாறாயிரத்து நானூறு தட்டு பீஹூன்.
கனவில் வரிசை நீள்கிறது,
கரண்டியில் ஒன்றும் ஏறுவதில்லை.
பகலில், ஒரு இரண்டு வெள்ளித் தாளை
வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தேன்.
கொடுத்தவன் மூன்றாம் வகுப்பு.
அவன் முகம் போன போக்கு
இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

கடையை விட்டுவிடுகிறேன் என்று
பக்கத்துப் பானக் கடை பெய் லிங்கிடம் சொன்னேன்.
எவ்வளவு என்றாள்.
முழுசாகச் சொன்னேன்.
"ஐயோ" என்றாள்.
இந்த ஊரில் அது எல்லோருக்கும் சொந்தமான சொல்.
வேறெதுவும் சொல்லாமல்
மைலோ கலக்கப் போய்விட்டாள்.

மறுநாள் இடைவேளை மணிக்குச் சற்று முன்,
"என் கல்லாவைப் பார்த்துக்கொள்,
கழிவறைக்குப் போய் வருகிறேன்."
இருபது நிமிடம் ஆகியும் ஆளைக் காணோம்.
பார்லி, சோயா பால், பீஹூன், மீதிச் சில்லறை,
இரண்டு கடைக்கும் நடுவில் ஓடி ஓடி
ஒவ்வொரு காசையும்
இரண்டு தரம் எண்ணிப் போட்டேன்.

வந்தாள்.
கல்லாவைத் திறக்காமலே
அதன்மேல் ஈரத் துண்டைப் போட்டாள்.
"எண்ணிப் பார்."
"அப்புறம்."
"இப்பவே எண்ணு, பெய் லிங்."
"வரிசை நிக்குது பார்" என்றாள் முதுகைக் காட்டியபடி.
எனக்கு வந்த கோபத்தில்
இரண்டு முட்டை கருகிப் போயின.

வியாழனும் அப்படியே. வெள்ளியும்.
அவளுக்குச் சிறுநீரகத்தில் ஏதோ கோளாறு என்றே
மற்ற கடைக்காரர்கள் நினைத்திருப்பார்கள்.

அடுத்த வாரம் ஒரு சிறுமி.
பத்துக் காசு குறைந்தது.
நாளைக்குத் தருகிறேன் என்றாள்.
பெயர் கேட்கவில்லை. முட்டையும் வைத்தேன்.
இன்றுவரை தரவில்லை.
போகட்டும்,
அது நான் கொடுத்தது.

அன்றிரவு
மாசிலாமணி வேலைக்குக் கிளம்பும்போது சொன்னேன்.
இன்னும் பதினெட்டாயிரம் இருக்கிறது.
டார்ச் விளக்கை மேசையில் வைத்தார்.
கீழே இரண்டு ரயில் போகும்வரை பேச்சில்லை.
"பணத்துக்கு அப்புறமா கோபப்படுறேன்.
முதல்ல, என்கிட்ட மறைச்சதுக்கு."
கதவைச் சாத்திய சத்தம்
மின்தூக்கிவரை கேட்டிருக்கும்.

விடியற்காலை மூன்று மணிக்குக் கைப்பேசி அதிர்ந்தது.
பெயரை இருமுறை படித்தேன்,
எண்ணையும் சரிபார்த்தேன்.
எடுத்தேன்.

"தூங்கலையா?"
"இல்லை. நீங்க?"
"காவல்காரன்கிட்ட கேக்கிற கேள்வியா இது?"

சிரித்தாரா தெரியவில்லை.
குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சலோ
அவர் மூச்சோ,
ஏதோ ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தது.

"சாப்பிட்டீங்களா?"

கேட்டபிறகுதான் உறைத்தது,
கேட்டது நான்.

இன்னும் இல்லை என்றார்.
டப்பாவின் மூடி திறக்கும் சத்தம்.
நான் காலையில் கிளறிய பீஹூன்.
ஆறிப்போயிருக்கும்.